மாஜி

கென்யாவின் மேட்டு நிலத்திலிருந்து
மலாவியின் வடக்கே ஒரு மலைநகரத்துக்கு
இரும்புக் கம்பியோடு வந்திறங்கினாள் ஜெலகாட்.
அந்தி சாய்ந்தபின் பிறந்தவள் என்று பெயருக்குப் பொருள்;
அவள் வேலையும் அதற்குப் பிறகுதான்.

பகலில் கையெழுத்து, கைகுலுக்கல், சமோசா.
இரண்டு குடிநீர் வாரியங்களின் கொடிகளும்
ஒரே பூச்சாடியில் செருகியிருந்தன.
லுசுங்கு கடைசி வரிசையில்.
முன்பு வந்த நிபுணர்கள் விட்டுப்போன
தடித்த அறிக்கைகள் மூன்றும்
பம்ப் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல்
முட்டுக்கொடுத்து நிற்கின்றன.
நல்ல கனம், என்பான்.

அவள் முறை வந்தது.
தன் ஊரின் வரைபடத்தை விரித்தாள்.
அம்மை வார்த்ததுபோல் சிவப்புப் புள்ளிகள்.
"இதெல்லாம் நாங்கள் இழப்பது.
இதோ, இது நான் சரிசெய்துவிட்டதாக
எழுதிக்கொடுத்த இடம்.
இன்னும் ஒழுகுகிறது."
லுசுங்கு நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டான்.

அவளுடைய சுவாஹிலி அவனுக்கு வராது,
அவனுடைய தும்புகா அவளுக்கு.
நடுவில் ஓட்டை ஆங்கிலம்.
ஆனால் தண்ணீருக்கு இருவரிடமும் ஒரே சொல்: மாஜி.
தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுகிறது.
மாஜி மேயர், மாஜி மந்திரி,
பதவி போனவர்கள்.
பார்க்கப்போனால் அதுவும் சரிதான்.
நீரேற்று நிலையத்தில் தண்ணீராகக் கிளம்பி
மீட்டருக்கு வருமுன் மாஜியாகிவிடுவது
நூறில் நாற்பது குடம்.

இரவு இரண்டு மணி. சந்தைத் தெரு.
நாய்களும் ஓய்ந்துவிட்டன.
கம்பியின் ஒரு முனை வால்வின்மேல்,
மறுமுனை அவள் காதெலும்பில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து கேட்டாள்.
தார்மேல் சுண்ணக்கட்டியால்
ஒரு பெருக்கல் குறி.

காலையில் தோண்டினார்கள்.
முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம்.
செம்மண், பொரிகடலைபோல் உலர்ந்த செம்மண்.
வேடிக்கை பார்த்த பையன்கள் சிரித்தார்கள்.

லுசுங்கு குழிக்குள் இறங்கித் தடவிப் பார்த்தான்.
"இது பிளாஸ்டிக் குழாய். போட்டவன் நான்தான்,
வெள்ளம் வந்த வருஷம், அவசரத்தில்.
வரைபடத்தில் ஏற்றவில்லை.
பிளாஸ்டிக் சத்தத்தை விழுங்கிவிடும்,
இரும்புதான் கோள் சொல்லும்.
நீ கேட்டது மேலேயிருக்கும் இரும்பை."
சுண்ணக்கட்டியை வாங்கி
மேட்டில் பதினோரு எட்டு வைத்து
இன்னொரு குறி போட்டான்.
கடப்பாரையின் மூன்றாம் குத்தில்
மண் கறுத்தது, பளபளத்தது,
பையன்கள் சட்டையோடு நனைந்தார்கள்.

அன்று ஜெலகாட்டின் குறிப்பேட்டில் ஒரே வரி:
எங்கள் ஊரில் வரையாமல் புதைத்தவை
யார் யார் ஞாபகத்தில் இருக்கின்றன?

வியாழன் விடியுமுன்
மேட்டின் உச்சியில் குடம் கணக்கில் தண்ணீர் விற்கும் தமாண்டா
குழாய் இருமுகிற சத்தத்தில் விழித்தாள்.
முதலில் காற்று. அப்புறம் தேநீர் நிறம்.
அப்புறம் தண்ணீர்.
நாலு வருஷம் திறந்தே கிடந்த திருகு
துருவேறி, மூட வரவில்லை.
வாரியத்துக்குப் போன் போட்டுத் திட்டினாள்:
"வீடெல்லாம் வெள்ளம்.
சொல்லிவிட்டு அனுப்பக்கூடாதா?"
லுசுங்கு அதைப் புகார்ப் புத்தகத்தில் எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தான்.

ஆறு மாதத்தில் அவன் முறை.
அவள் விட்டுப்போன கம்பியோடு கிளம்பினான்.
விமான நிலையத்தில் காவலர் தூக்கிப் பிடித்து
"என்ன ஆயுதம் இது?" என்றார்.
அவன் ஒரு முனையைச் சுவரோரக் குழாயில் ஊன்றி
மறுமுனையை அவர் காதருகே நீட்டினான்.
புருவம் மெல்ல ஏறியது.
புறப்பாட்டுக் கூடத்துக்கு அப்பால் எங்கோ
ஒரு கழிப்பறை
இரவு பகலாக ஒழுகிக்கொண்டிருந்தது.
"யாரிடமாவது சொல்லுங்கள்."
"சொல்கிறேன்."
ஆனாலும் கம்பி
சரக்கோடுதான் போனது.